ஒரே கதையை எத்தனை முறை சொல்வாள்?

ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வருகிறாள். நள்ளிரவு. இடுப்பில் ஒரு குழந்தை. கையில் ஒரு பை. பையில் இரண்டு சேலை, குழந்தையின் உடுப்பு, ரேஷன் அட்டை. காலில் செருப்பு இல்லை. செருப்பை எடுக்கப் போனால் கதவு சத்தம் போடும். கணவன் விழித்துக்கொள்வான்.

அவள் ஊர் புந்தேல்கண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் சந்திக்கும் பகுதி அது. வறண்ட பூமி. மழை பொய்த்தால் ஆண்கள் டெல்லிக்கும் சூரத்துக்கும் கூலி வேலைக்குப் போவார்கள். அவளுடைய புகுந்த வீடு பாந்தா மாவட்டத்தில். அது உத்தரப் பிரதேசம். பிறந்த வீடு பக்கத்தில் உள்ள பன்னா மாவட்டத்தில். அது மத்தியப் பிரதேசம்.

இவளுக்கு இங்கே பெயர் வைக்கவில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

விடியும்போது ஆஷா பணியாளர் வீட்டுக்குப் போகிறாள். நடந்ததைச் சொல்கிறாள். ஆஷா அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே மறுபடி சொல்கிறாள். காவலர் எழுதுகிறார். பிறகு மருத்துவமனை. காயம் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்கிறார். மறுபடி சொல்கிறாள். பிறகு மாவட்டத் தலைநகரில் உள்ள ‘சகி’ மையம். அங்கே ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் எழுதுகிறார். மறுபடி சொல்கிறாள். ஐந்து நாள் கழித்து வேறு ஓர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே வார்டன் பெரிய நோட்டைத் திறக்கிறார்.

“உன் கதை என்ன? முதலில் இருந்து சொல்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “திமிர் பிடித்தவள்” என்று யாரோ சொல்கிறார்கள். அது அவள் காதில் விழுகிறது. இரண்டு நாளில் அவள் பையை எடுத்துக்கொண்டு அதே கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள்.

ஊரார் என்ன சொல்வார்கள்? “பார்த்தாயா, அவளே திரும்பி வந்துவிட்டாள். பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது.”

நடந்தது பெரிதுதான். இல்லம் அவளை எப்படி வாங்கிக்கொண்டது என்பதில்தான் கோளாறு.

நம் நாட்டில் இப்படிப்பட்ட பெண்கள் சிலர் மட்டும் இல்லை. 2019 முதல் 2021 வரை தேசிய குடும்ப நல ஆய்வு நடந்தது. 18 வயது முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களிடம் கேட்டார்கள். நூறு பேரில் ஏறத்தாழ 29 பேர் கணவனின் அடியையோ பாலியல் கொடுமையையோ அனுபவித்தவர்கள். வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். 77 பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அப்படியானால் இல்லத்தின் கதவு வரை வந்து சேரும் பெண் எவ்வளவு தூரம் கடந்து வந்திருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அவளை அந்தக் கதவில் இழந்துவிடலாமா?

காணாத காயம்

கை உடைந்தால் வீங்கும். எல்லோருக்கும் தெரியும். கட்டுப் போட்ட கையைப் பிடித்து யாரும் இழுக்க மாட்டார்கள். தண்ணீர் குடத்தைத் தூக்கச் சொல்லவும் மாட்டார்கள்.

மனதிலும் காயம் படும். அது வெளியே தெரியாது. நெடுநாள் அடிபட்டவள், பயந்து பயந்து வாழ்ந்தவள், பலாத்காரத்துக்கு ஆளானவள், கண் முன்னே கொடூரத்தைப் பார்த்தவள் ஆகியோருக்கு இந்தக் காயம் இருக்கும். இதை மனக்காயம் என்று சொல்வோம்.

மனக்காயம் உடம்பில்தான் முதலில் தெரியும். ஆபத்து வந்தால் நம் உடம்பு என்ன செய்யும்? நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கும். கால் தானாக ஓடும். சில சமயம் ஓடவும் முடியாது, கல்லாகச் சமைந்து நிற்போம். நாய் போன பிறகு நெஞ்சு அடங்கிவிடும். ஆனால் தினமும் வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருந்தால்? அந்த உடம்பு அடங்கவே கற்றுக்கொள்ளாது. ஆபத்து இல்லாத இடத்திலும் அது காவல் காத்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் திடுக்கிடுகிறாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் வியர்க்கிறது. சாராய வாடை பட்டால் வயிற்றைப் புரட்டுகிறது. ஒன்றுமில்லாததற்குக் கோபம் வருகிறது. சில பெண்கள் எதையும் உணராதவர்கள் போல இருப்பார்கள். அழுகையும் வராது, பசியும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நடந்ததை வரிசையாகச் சொல்ல அவளால் முடியாது. பயத்தில் பதிந்த நினைவு துண்டு துண்டாக இருக்கும். நேற்று “செவ்வாய்க்கிழமை” என்றவள் இன்று “சந்தை நாள்” என்பாள். அவள் பொய் சொல்கிறாள் என்று கேட்பவர் நினைப்பார். அவள் பொய் சொல்லவில்லை. கிழிந்துபோன நோட்டில் இருந்து படிக்கிறாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அது திமிர் இல்லை. கல்லாகச் சமைந்த உடம்பு.

இதைத் தெரிந்துகொண்ட இல்லம் “உனக்கு என்ன கோளாறு?” என்று கேட்காது. “உனக்கு என்ன நேர்ந்தது?” என்ற எண்ணத்தோடு அவளைப் பார்க்கும். ஆனால் அதையும் முதல் நாளே வாய் திறந்து கேட்காது. அவளாகச் சொல்லும் வரை பொறுத்திருக்கும். மனக்காயம் அறிந்து நடப்பது என்பது இதுதான். பெரிய படிப்பு தேவையில்லை. கிராமத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு இதில் பாதி தெரியும்.

ஓடி வந்த வீடு போலவே

பல இல்லங்களில் ஒரு விசித்திரம் நடக்கும். ஓடி வந்த வீட்டில் எப்படி இருந்தாளோ, இல்லத்திலும் அப்படியே இருக்க நேரும்.

அங்கே கணவன் வெளியே விடவில்லை. இங்கே கேட்டுக்குப் பூட்டு. அங்கே போனைப் பிடுங்கிக்கொண்டான். இங்கேயும் வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். அங்கே யாரோடு பேசினாய் என்று கேட்டான். இங்கே வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள். அங்கே அடித்துவிட்டு “உன் நல்லதுக்குத்தான்” என்றான். இங்கே பூட்டிவிட்டு “உன் பாதுகாப்புக்குத்தான்” என்கிறார்கள்.

பாதுகாப்பு தேவைதான். கணவனும் மச்சினனும் குடித்துவிட்டு கேட்டுக்கு வந்து கத்தும் நாள் உண்டு. அந்த நேரத்தில் பூட்டு வேண்டும். ஆனால் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது, எதற்காகப் பூட்டுகிறோம், எப்போது திறப்போம் என்பதை அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அதே பூட்டு காவலாகிறது. சொல்லாவிட்டால் சிறைதான்.

இது பழைய நோய். 1981-ஆம் ஆண்டு டெல்லி பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர்கள் இருவர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஒருவர் உபேந்திர பக்ஷி. இன்னொருவர் லோத்திகா சர்க்கார். ஆக்ராவில் அரசு நடத்திய பெண்கள் பாதுகாப்பு இல்லத்தில் பெண்கள் மனிதர் வாழத் தகாத நிலையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை. வெறும் கடிதம். நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. மாவட்ட நீதிபதி மாதம் ஒரு முறை அந்த இல்லத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இல்லத்தின் பெயரில் ‘பாதுகாப்பு’ என்று எழுதிவிட்டால் உள்ளே பாதுகாப்பு வந்துவிடாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக இல்லத்தில் அடைத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றங்களும் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. போக வேண்டும் என்றால் அவள் போகலாம். திரும்ப வர வேண்டும் என்றால் வரலாம். “ஒரு முறை போனவளுக்கு இங்கே இடமில்லை” என்று சில இல்லங்கள் சொல்கின்றன. அடிபட்ட பெண் ஒரே முயற்சியில் வீட்டை விட்டு விலகுவது அரிது. போவாள், வருவாள், மறுபடி போவாள். மூன்றாம் முறை வரும்போது கதவு மூடியிருந்தால் அவள் எங்கே போவாள்? கிணற்றுக்குப் போன பெண்களும் உண்டு.

சட்டம் தந்திருப்பது

இல்லங்கள் பல பெயர்களில் வந்தன. 1969-இல் குறுகிய காலத் தங்கும் இல்லங்கள் என்று மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. பிறகு சுவாதார் இல்லங்கள் வந்தன. 2022-இல் ‘மிஷன் சக்தி’ என்ற திட்டத்தின் கீழ் இவை ‘சக்தி சதன்’ என்று ஆயின. சதன் என்றால் இல்லம். இதற்கிடையில் 2015-இல் ‘சகி’ மையங்கள் வந்தன. சகி என்றால் தோழி. தமிழில் ஒருங்கிணைந்த சேவை மையம் என்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது திட்டம். மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். ஐந்து நாள் வரை அங்கே தங்கலாம். அதற்கு மேல் தங்க வேண்டுமானால் சக்தி சதன் போன்ற இல்லத்துக்கு அனுப்புவார்கள். அது பக்கத்து மாவட்டத்திலும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். 2006 அக்டோபர் 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அடைக்கலம் கேட்டு வரும் பெண்ணுக்கு இல்லத்தின் பொறுப்பாளர் இடம் தர வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. அவளே கேட்கலாம். பாதுகாப்பு அலுவலரோ, பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ அவளுக்காகக் கேட்கலாம். இந்தச் சட்டத்தின் விதிகளில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. இதைப் பலரும் படிப்பதில்லை. ஒன்று, “வன்முறை பற்றி அறிக்கை பதிவு செய்தாயா? அந்தக் காகிதம் எங்கே?” என்று கேட்டு, அது இல்லை என்பதற்காக இடம் மறுக்கக் கூடாது. இரண்டு, அவள் விரும்பினால், அவள் இல்லத்தில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது. யார் மேல் அவள் புகார் சொல்கிறாளோ அவனிடம் கண்டிப்பாகச் சொல்லக் கூடாது.

பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை அச்சிட்டு வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 72-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. இந்தக் கட்டுரைப் பெண்ணுக்குப் பெயர் வைக்காததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

சட்டம் இருக்கிறது, பணமும் ஓரளவு ஒதுக்குகிறார்கள். அப்படியும் அவள் ஏன் திரும்பிப் போனாள்?

சட்டம் கதவைத் திறக்கச் சொல்கிறது. கதவைத் திறந்த பிறகு என்ன பேசுவது, எங்கே உட்கார வைப்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்பதை ஒவ்வொரு இல்லமும் தன் போக்கில் செய்கிறது. ஒரு வார்டன் தாய் போல இருப்பார். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் ஜெயிலர் போல வருவார். பாந்தாவில் ஒரு முறை, பன்னாவில் வேறு முறை. பெண்ணின் தலைவிதி அன்றைக்கு யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் போகிறது. அதனால்தான் எல்லா இல்லங்களுக்கும் பொதுவான நடைமுறை வேண்டும் என்று இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள்.

யார் எழுதுவது?

பொது நடைமுறையை டெல்லியில் உட்கார்ந்தும் எழுதலாம். அழகாக அச்சடித்து அனுப்பலாம். அது அலமாரிக்குள் போய்விடும்.

பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் உள்ள நாலைந்து இல்லங்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதினால் அது நிற்கும். வார்டன்கள் வர வேண்டும். சகி மையத்தார், பாதுகாப்பு அலுவலர், மகளிர் காவலர், ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர், சுயஉதவிக் குழுப் பெண்கள் வர வேண்டும். சமையல்காரரும் இரவுக் காவல்காரரும் கட்டாயம் வர வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் பெண் முதலில் பார்ப்பது அதிகாரியை இல்லை, காவல்காரரைத்தான்.

எல்லோரையும்விட, இல்லத்தில் முன்பு தங்கியிருந்த பெண்கள் வர வேண்டும். எந்த விதி குத்தியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கூட்டத்தில் நிறுத்தி “உன் கதையைச் சொல்” என்று கேட்டால் மறுபடி அதே தப்பு. கதை வேண்டாம். விதியைப் பற்றிக் கேட்டால் போதும்.

படிக்காத கிராமத்துப் பெண்களால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்கள் குஜராத்தைப் பார்க்கலாம். வதோதரா மாவட்டத்தில் 1990-களில் மகிளா சமாக்யா திட்டத்தின் பெண்கள் ‘நாரி அதாலத்’ என்று தொடங்கினார்கள். பெண்கள் நீதிமன்றம் என்று பொருள். நீதிபதி நாற்காலி கிடையாது. தரையில் வட்டமாக உட்கார்வார்கள். அடிபட்டு வந்தவளின் பக்கத்தில் அவளைப் போன்ற கிராமத்துப் பெண்களே உட்கார்ந்து கேட்டார்கள். இப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் புத்தகம் கொடுக்கவில்லை.

அவள் நடந்து வந்த வழியே நாமும் நடந்து பார்த்தால் நடைமுறையை எழுதுவது சுலபம். கதவு, நோட்டு, படுக்கை, இரவு, சமையலறை, போன், பிள்ளை, புறப்படும் நாள்.

கதவில் முதல் வார்த்தை எது? “உள்ளே வாம்மா. உட்கார். தண்ணீர் குடி. குழந்தைக்குப் பால் வேண்டுமா?” இவ்வளவுதான். இது விதியாகவே எழுதப்பட வேண்டும். காயம் இருந்தால் மருத்துவம். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று இரண்டு மூன்று கேள்வி. மற்ற எல்லாம் நாளைக்கு, அல்லது அடுத்த வாரத்துக்கு. வடக்கே இல்லத்துப் பெண்கள் வார்டனை ‘தீதி’ என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். அந்தச் சொல்லுக்கு ஏற்ப முதல் இரவு அமைய வேண்டும்.

அடுத்தது நோட்டு. ஒரே கதையை ஆறு இடத்தில் சொல்ல வைப்பதை நிறுத்த ஒரு வழி உண்டு. ஒரே ஒரு தாள். முதலில் நன்றாகக் கேட்டவர் அதை எழுதுகிறார். என்ன நேர்ந்தது என்பது நாலு வரி. என்ன மருந்து, எந்த வழக்கு, யாரிடம் இருந்து ஆபத்து, எதைக் கண்டால் பயம், எது செய்தால் ஆறுதல். தாளில் பெயருக்குப் பதில் ஓர் எண். அவள் சம்மதித்தால் மட்டும் அந்தத் தாள் அவளோடு அடுத்த இடத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் தாளைப் படித்துவிட்டு, “உன்னைப் பற்றித் தெரியும் அம்மா. மறுபடி சொல்ல வேண்டாம். ஏதாவது சேர்க்க வேண்டுமா?” என்று கேட்டால் போதும். காவல் நிலையமும் நீதிமன்றமும் தனியாகக் கேட்கத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இல்லங்களாவது கேட்காமல் இருக்கலாமே.

இந்தத் தாளில் ஒரு சிக்கல் உண்டு. சம்மதம் என்றால் என்ன?

எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் முன் ஒரு காகிதத்தை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்து, “இங்கே கைநாட்டு வை” என்றால் அவள் வைத்துவிடுவாள். அதில் என்ன எழுதியிருக்கிறது? “என் விருப்பத்தின் பேரில் கணவனுடன் செல்கிறேன்” என்று எழுதியிருந்தால்? “எனக்குச் சொத்தில் உரிமை வேண்டாம்” என்று எழுதியிருந்தால்? எழுத்து தெரியாமல் கட்டைவிரலை உருட்டிய நாள் எப்படி இருந்தது என்று புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பொது நடைமுறையில் இது உறுதியாக இருக்க வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதற்கு முன் முழுதும் படித்துக் காட்ட வேண்டும். அவள் பேசும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். புந்தேலி பேசுகிறவளுக்குப் புந்தேலியில், சந்தாலி பேசுகிறவளுக்குச் சந்தாலியில். படித்த பிறகு “என்ன புரிந்தது, சொல்லம்மா” என்று கேட்க வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் மைப்பெட்டியைத் திறக்க வேண்டும். “வேண்டாம்” என்று அவள் சொன்னாலும் அவளுக்குச் சோறும் படுக்கையும் உண்டு.

இரவு இன்னொரு சோதனை. மனக்காயம் உள்ளவளுக்கு இரவுதான் நீளம். முழு இருட்டில் படுக்க முடியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கு. கதவின் பக்கம் படுக்க விரும்புகிறவளுக்குக் கதவின் பக்கம் இடம். கழிப்பறைக்கு உள்ளே இருந்து தாழ்ப்பாள். இரவில் ஆண்கள் யாரும் பெண்கள் அறைப் பக்கம் வரக் கூடாது. அதிகாரி ஆனாலும் சரி. எழுப்ப வேண்டுமானால் தொட்டு உலுக்கக் கூடாது, தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஏதும் கிடையாது.

சமையலறையைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அது பாதி உண்மைதான். சாதி இல்லத்துக்குள்ளும் வரும். யார் சமைப்பது, யார் பாத்திரம் தேய்ப்பது, யார் கழிப்பறை கழுவுவது? முறை வைத்து எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்று எழுதாவிட்டால், தலித் பெண்ணின் கையில்தான் துடைப்பம் போய்ச் சேரும். ஒரு கொடுமையில் இருந்து தப்பி வந்து அவள் இன்னொன்றில் விழுவாள். “எங்கள் வீட்டு வழக்கம்” என்று மற்றப் பெண்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். முதல் வாரம் வார்டனே துடைப்பத்தை எடுத்தால் மெல்ல அடங்கும்.

போன் விஷயத்தில் இல்லங்களுக்குள் கருத்து ஒத்துப்போவதில்லை. போன் இருந்தால் கணவன் பேசி மயக்குவான், இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பான் என்பது ஒரு பக்கம். அது பொய்யான பயம் இல்லை. போன் இல்லாவிட்டால் அம்மாவோடு பேச முடியாது, வக்கீலோடு பேச முடியாது என்பது மறுபக்கம். பிடுங்கி வைப்பதுதான் சுலபம். சரியான வழி கொஞ்சம் கடினம். ஆபத்தை அவளுக்கு விளக்க வேண்டும், பழைய சிம்மை எடுத்துவிட்டு வேறு போடலாமா என்று அவளிடம் கேட்க வேண்டும், இல்லத்தின் போனில் தனியாகப் பேச இடம் தர வேண்டும். முடிவு அவளுடையது.

பிள்ளைகளும் காயப்பட்டவர்கள். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஆண் பிள்ளையை இல்லங்களில் தாயோடு சேர்ப்பதில்லை. அவன் குழந்தைகள் இல்லத்துக்குப் போக நேர்கிறது. மகனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அடியைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார் இருக்கிறார்கள். குறைந்தது, மகனை எங்கே அனுப்புகிறார்கள், வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கலாம் என்பதையாவது முதல் நாளே சொல்ல வேண்டும்.

கிராமத்துச் சிக்கல்

நகரத்துப் பெண் கூட்டத்தில் கரைந்துவிடலாம். கிராமத்துப் பெண்ணால் முடியாது. அந்த வழியில் ஓடுவது ஒரே பஸ். கண்டக்டருக்கு அவளைத் தெரியும். ஜீப் ஓட்டுபவர் கணவனின் உறவு. காவல் நிலைய வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் மாமனாரின் நண்பர். இல்லத்தின் சமையல்கார அம்மாளின் அண்ணி அதே ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பார்.

ஆகவே கிராமப்புற இல்லங்களுக்கு ரகசியம் காப்பது பற்றிய விதி நகரத்தை விடக் கடுமையாக வேண்டும். வேலையில் சேரும் ஒவ்வொருவரும் அதைக் கேட்டுச் சம்மதிக்க வேண்டும். வெளியே போகும்போது இல்லத்தின் பெயர் எழுதிய வண்டியில் போகக் கூடாது. தெரிந்தவர் இருக்கும் மாவட்டம் என்றால், அவள் விரும்பினால், பக்கத்து மாவட்ட இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். பாந்தாவில் இருந்து பன்னாவுக்குப் போவது மாநிலம் விட்டு மாநிலம் போவது. இரண்டு அரசு, இரண்டு கோப்பு. இரண்டு பக்கமும் ஒரே நடைமுறை, ஒரே தாள் இருந்தால்தான் அவள் நடுவில் சிக்க மாட்டாள்.

சமரசம் இன்னொரு தொல்லை. ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். “நாங்கள் பொறுப்பு, அனுப்பி வையுங்கள்” என்பார்கள். வார்டனுக்கும் ஒரு பாரம் இறங்கினால் போதும் என்றிருக்கும். அவள் கேட்காமல் யாரும் சமரசம் பேசக் கூடாது. பேசும் நாளிலும் அவள் பக்கம் ஒருவர் உட்கார வேண்டும்.

கேட்பவர்களின் காதும் புண்ணாகும். நாள் முழுதும் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கும் வார்டனுக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். சம்பளம் தாமதமானால் இன்னும் மோசம். அவர்களுக்கும் விடுப்பு வேண்டும், மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும். 2022 மார்ச்சில் மத்திய மகளிர் அமைச்சகமும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் சேர்ந்து ‘ஸ்திரீ மனோரக்ஷா’ என்ற பயிற்சியைத் தொடங்கின. வன்முறைக்கு ஆளான பெண்ணின் மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சகி மையப் பணியாளர்களுக்குச் சொல்லித் தருவது அதன் வேலை. நல்ல தொடக்கம். சமையலறைக்கும் காவல்காரரின் நாற்காலிக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

நடைமுறை எழுதியாகிவிட்டது, சுவரில் ஒட்டியாகிவிட்டது என்று விட்டுவிட முடியாது. வெளியே இருந்து வந்து பார்க்கும் கண் வேண்டும். பீகாரில் முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமை 2018-இல்தான் வெளியே வந்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு மாநிலத்தின் இல்லங்களைத் தணிக்கை செய்தபோது அது தெரிந்தது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை கொடுத்தது. அதுவரை கணக்குப் பார்க்க வந்தவர்கள் அரிசி மூட்டையை எண்ணியிருப்பார்கள். இல்லத்தைப் பார்க்க வருபவர் ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் அங்கே தங்கியிருப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

உங்கள் ஊரில், உங்கள் தெருவில், யாராவது ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால், 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது பெண்களுக்கான உதவி எண். அவசரம் என்றால் 112. இலவச வக்கீல் வேண்டுமானால் 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தருகிறது.

அவளோடு துணைக்குப் போகிறவர் இதைச் செய்யலாம். அவள் அனுமதித்தால், அவள் சொன்னதைத் தேதி போட்டு நாலு வரி எழுதி அவளிடமே கொடுங்கள். போகும் இடத்தில் அவளால் பேச முடியாவிட்டால் அந்தத் தாளை நீட்டட்டும். யாராவது காகிதத்தை நீட்டிக் கைநாட்டுக் கேட்டால், அவளுக்குப் பக்கத்தில் நின்று, “முதலில் படித்துக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். அவர்கள் படிக்காவிட்டால் வாங்கி நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.